கோடைப் பந்தி

தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பள்ளிக்கூடங்கள் பூட்டும் மாதத்தில் கோயில் வளாகங்கள் விழித்துக்கொள்கின்றன. விடுமுறை வேதாகமப் பள்ளி, நீர்மோர்ப் பந்தல், மருத்துவ முகாம், அசன விருந்து என ஊரே கோயிலில் கூடும் இரண்டு மாதங்கள் இவை. அந்தக் கூட்டத்தில் யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது?

மே மாதம். கத்திரி வெயிலில் தேரி மணல் செக்கச்சிவந்து கொதிக்கிறது. சென்னையிலிருந்து வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸிலும் செந்தூர் எக்ஸ்பிரஸிலும் நிற்க இடமில்லை. விடியற்காலையில் நாசரேத் நிலையத்தில் பெட்டிகளோடும் தூக்கம் கலையாத பிள்ளைகளோடும் குடும்பங்கள் இறங்குகின்றன. சென்னை, மும்பை, கோவை என்று பிழைக்கப்போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் காலம் இது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒட்டடை அடிக்கும் சத்தம் கேட்கிறது. மாலையில் கோயில் மணி அடித்தால், வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே தெருவில் நடந்து ஒரே வாசலுக்குள் போகிறார்கள்.

திருச்செந்தூர் சாலையின் இருபுறமும் இந்த வழக்கம் ஒன்றுதான். கடலோரம் மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழை, உவரி போன்ற கத்தோலிக்கப் பங்குகள். உள்நாட்டில் மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி போன்ற சி.எஸ்.ஐ. சேகரங்கள். அங்கே பங்குத்தந்தை, அன்பியம், மரியாயின் சேனை. இங்கே சேகர குரு, சபை ஊழியர், பெண்கள் ஐக்கிய சங்கம். பெயர்கள் வேறானாலும், கோடை வந்தால் கோயில் ஊரின் பொது முற்றமாகிவிடுவது இரண்டு பக்கமும் ஒன்றே.

அந்த முற்றம் எவ்வளவு அகலமானது என்பதைத்தான் இந்தக் கட்டுரை கேட்கிறது. கூட்டத்தின் அளவையும் செலவின் கணக்கையும் ஆண்டறிக்கை சொல்லும். பந்தியில் யாருக்கு இலை விழுந்தது, யாருக்கு விழவில்லை என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் பத்து நாள்

தேர்வு முடிந்த சில நாட்களிலேயே வி.பி.எஸ். தொடங்கிவிடுகிறது. விடுமுறை வேதாகமப் பள்ளி என்று நோட்டீஸில் அச்சடித்தாலும் பிள்ளைகளுக்கு அது வி.பி.எஸ்.தான். கத்தோலிக்கப் பங்குகளில் விடுமுறை விவிலியப் பள்ளி என்பார்கள். காலை ஒன்பது மணிக்குள் வளாகம் நிறைந்துவிடும். கையசைத்துப் பாடும் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, இடைவேளையில் சுண்டலோ பன்னோ, குடிக்க ஒரு தம்ளர் பழரசம். கடைசி நாளில் காகிதத் தொப்பி வைத்துத் தெருவெல்லாம் பவனி. அன்று மாலை பெற்றோர் முன்னிலையில் கலை நிகழ்ச்சி.

இதையெல்லாம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், அருள்சகோதரிகள். ஏப்ரலிலேயே பயிற்சிக்குப் போய்வந்து, அட்டை வெட்டி, வண்ணம் பூசி, பாட்டு பழகி, பத்து நாளும் தொண்டை கட்டும்வரை உழைப்பார்கள். சம்பளம் கிடையாது. மேடையில் பொன்னாடை போர்த்தப்படுகிறவர்களின் வரிசையிலும் பலமுறை அவர்கள் பெயர் இருப்பதில்லை. ஒரு பங்கின் கோடை இவர்கள் தோளில்தான் நிற்கிறது. பங்குப் பேரவையிலும் சேகரக் கமிட்டியிலும் இவர்களுக்குச் சமமான இடம் கொடுப்பது கடன் தீர்ப்பதாகும்.

வி.பி.எஸ். பிறந்த கதையை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. 1898ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், பிழைப்புக்காகக் குடியேறியவர்களின் பிள்ளைகள் தெருவில் திரிவதை எலைசா ஹாஸ் என்ற பெண்மணி பார்த்தார். அவர்களுக்காக ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். கோயிலுக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போய்த் தொடங்கப்பட்ட பள்ளி அது. இன்று தூத்துக்குடியில் கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள். அவர்களோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கோடையும் இல்லை, விடுமுறையும் இல்லை. வி.பி.எஸ். முதலில் யாருக்காக ஏற்பட்டதோ, அந்தப் பிள்ளைகள் நம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

இந்தக் கரைக்கு இதில் இன்னும் பழைய உரிமை உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். தமிழ் தெரிந்தவர்களைக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லும்படி பிள்ளைகளைப் பணித்ததாகவும், நோயாளிகள் கூப்பிட்ட வீடுகளுக்குத் தமக்குப் பதிலாகச் சிறுவர்களை அனுப்பியதாகவும் 1544 ஜனவரியில் ரோமையிலிருந்த தம் சபையினருக்கு எழுதினார். அவர் ஊர் ஊராக நியமித்த கணக்கப்பிள்ளைகளின் வழியில்தான் இன்றைய உபதேசியார்கள் வருகிறார்கள்.

ஆக, பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருவதோடு அந்த மரபு நிற்கவில்லை. அவர்களை நோயாளியின் வீட்டுக்கும் அனுப்பிவைத்தது. வி.பி.எஸ்.ஸின் பத்து நாளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். தனியாக வாழும் முதியவர்கள் இல்லாத தெரு இந்தப் பக்கத்தில் இல்லை. மகன் வளைகுடாவில், மகள் சென்னையில், பாட்டி மட்டும் ஊரில். பத்துப் பிள்ளைகள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பாடிவிட்டு, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வரட்டும். மனப்பாட வசனத்தின் பொருள் அங்கே விளங்கும்.

கடலுக்குப் போகாத 61 நாள்

பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கும் அதே நேரத்தில் கடலோரத்தில் இன்னொரு விடுமுறை தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலத்துக்கான தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 நாளாயிற்று. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆனால் தூத்துக்குடி, தருவைக்குளம், வேம்பார் துறைகளின் விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள் கரையோர ஊர்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள். படகோடு சேர்ந்து ஐஸ் கம்பெனி, ஏலக்கூடம், மீன்கூடை சுமக்கும் பெண்கள், வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் வரும்படி சுருங்குகிறது. அரசு தரும் நிவாரணத் தொகை வீட்டுக்கு அரிசி வாங்க உதவும். வட்டி கட்ட உதவாது.

இந்த நாட்களில்தான் ஆண்கள் முழுநேரமும் ஊரில் இருக்கிறார்கள். வலை பொத்துவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் முடிந்த பிறகு பொழுது நீளமாகிறது. சிலருக்கு அந்தப் பொழுது மதுக்கடைக்கு வழி காட்டுகிறது. வீட்டில் சண்டை பெருகுகிறது. நகை அடகுக்குப் போகிறது. ஜூன் முதல் வாரம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் கை காலியாக இருக்கிறது.

பங்குகள் இதை உணர்ந்தே இருக்கின்றன. வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு வீடாகப் போய், வெளியே தெரியாமல் அரிசியும் மருந்துச் செலவும் கொடுக்கிறார்கள். மறைமாவட்டத்தின் பல்நோக்கு சமூக சேவைச் சங்கம் வழியாகப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் ஓடுகின்றன. மாதா வணக்க மாதமான மே முழுதும் மாலைதோறும் செபமாலைக்குக் கூடும் கூட்டத்தில் இந்தக் குடும்பங்களின் கவலை பேசப்படுகிறது. பேசப்படும் கவலை பாதி குறையும். மீதிப் பாதிக்குத் திட்டம் வேண்டும்.

தடைக்காலம் திடீரென்று வருவதல்ல. எந்தத் தேதியில் தொடங்கும், எந்தத் தேதியில் முடியும் என்று ஊர் முழுதும் அறியும். ஆகையால் ஆண்டு முழுதும் அன்பியக் குழுக்கள்தோறும் சிறுசேமிப்பு நடத்தி, ஏப்ரலில் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல பாடு கிடைத்த நாளில் ஒரு சிறு பங்கு எடுத்துவைத்தால் போதும். மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கு ஆலோசனைக் கூட்டங்களை நடத்த இதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆள் ஊரிலேயே இருக்கிறார். குடும்பமும் பக்கத்தில் இருக்கிறது. கடல் பாதுகாப்பு, முதலுதவி, எஞ்சின் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குப் பயிற்சி வகுப்புகளும் இப்போதே நடக்கலாம்.

இத்தகைய பணி இந்தக் கரைக்குப் புதியதல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தந்த அண்டிரிக்கு அடிகளார், 16ஆம் நூற்றாண்டிலேயே புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவமனை ஏற்படுத்தியவர். அச்சுக்கூடமும் மருத்துவமனையும் ஒரே மனிதரின் பணியாக இருந்தன. கோயில் பணி, சமூகப் பணி என்று இரண்டு ஏடு வைத்துக் கணக்கு எழுதும் பழக்கம் இந்தக் கரையின் முன்னோர்களுக்கு இருக்கவில்லை.

உப்பளத்துக்கும் பனங்காட்டுக்கும்

கோயிலுக்கு வருகிறவர்களைக் கவனிப்பது எளிது. வர முடியாதவர்கள் கோடையில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டு இடங்கள் கண்ணில் படும்.

முதலாவது உப்பளம். மீனவனுக்கு ஓய்வு தரும் கோடைதான் உப்பளத் தொழிலாளிக்கு உச்ச வேலைக் காலம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே வேலைக்குப் போகிறார்கள். விடிந்த பிறகு வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீரில் நிற்கும் காலில் புண் ஆறுவதில்லை. கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது.

கடைவீதி முக்கில் நீர்மோர்ப் பந்தல் போடுவது நல்ல காரியம். வழிப்போக்கர் நின்று குடிப்பார், ஒரு நிமிடம் நிழல் கிடைக்கும். ஆனால் மிகுந்த தாகம் இருக்கும் இடம் அளத்து வரப்பு. கண் பரிசோதனை முகாமைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? வேலை முடியும் நேரம் பார்த்து, அளத்துப் பக்கமே முகாம் போட வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் ரப்பர் காலணியும் வாங்கிக் கொடுக்கலாம். கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்று உரிமையாளரிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் பங்கின் பெயரால் மனு கொடுக்கலாம். மோர் ஊற்றுவது அன்றைய தாகத்துக்கு. மனு அடுத்த கோடைக்கு.

இரண்டாவது பனங்காடு. பதநீர்க் காலமும் கோடையை ஒட்டியதே. காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும். இறக்கிய பதநீரைப் பெண்கள் விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறார்கள். மேலே வெயில், முன்னே அனல். பனை இருக்கும் இடத்திலேயே விடிலி என்னும் குடிசை போட்டுக் குடும்பத்தோடு தங்குகிறவர்களின் பிள்ளைகள் பள்ளி திறந்த பிறகும் சில வாரம் காட்டிலேயே இருந்துவிடுவது உண்டு. அந்தச் சில வாரம் பல பிள்ளைகளுக்குப் படிப்பின் முடிவாகியிருக்கிறது.

நெல்லைச் சீமையின் சீர்திருத்தச் சபைகள் பனையடியில்தான் வேர் விட்டன. 1841இல் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல் தேரிக்காட்டில் பனையேறிகளின் ஊரைத் தெரு வகுத்துக் கட்டினார். அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, கையில் காசு புழங்க வழி செய்தார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியபோது நாசரேத்தில் மிஷனரி மர்காஷியஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து, சோற்றோடு தச்சும் தையலும் கற்பித்தார். சோறு போட்டதோடு விடாமல் தொழிலும் கொடுத்ததால்தான் நாசரேத் என்ற ஊர் இன்றும் பள்ளிகளின் ஊராக இருக்கிறது. அந்தப் பனையேறிகளின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவர், பொறியாளர், பேராசிரியர். இன்னும் மரம் ஏறிக்கொண்டிருப்பவரைத் தேடிப் போவது அவர்கள் செய்ய வேண்டிய முறை.

ஒரே அண்டா, ஒரே பந்தி

கோடையின் உச்சம் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும். சி.எஸ்.ஐ. சபைகளில் வெளியூரில் இருப்பவர்கள் வரக்கூடிய நாளாகப் பார்த்துத் தேதி குறிப்பார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி. அதற்கு மேல் கொடுப்பவர்கள் அரிசி மூட்டையாகவும் ஆடாகவும் விறகாகவும் கொடுப்பார்கள். ஆராதனையில் காணிக்கையாக வந்த முருங்கைக்காயும் வாழைத்தாரும் சேவலும் வெளியே மரத்தடியில் ஏலத்துக்கு வரும். ஒரு முட்டையை நூறு ரூபாய்க்கு எடுப்பவர் உண்டு. காசு கோயிலுக்கு என்பதால் விலையில் யாரும் குறை காண்பதில்லை.

அசனத்துக்கு முந்தைய இரவு ஊர் தூங்காது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்க, ஆண்கள் கோட்டை அடுப்புக்கு மண் வெட்ட, இளைஞர்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பார்கள். சில ஊர்களில் ஆட்டுக்கறிக் குழம்பு, சில ஊர்களில் சாம்பாரும் பாயசமும். செபித்த பிறகு முதல் பந்தி. உண்டு முடித்தவர் வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் தூக்குச்சட்டியில் வாங்கிப் போவார். பக்கத்துத் தெருவின் இந்துக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் வந்து உண்பது பல ஊர்களில் வழக்கம். அவர்கள் ஊர்க் கொடை விழாவுக்கு நாம் போகிறோம், நம் அசனத்துக்கு அவர்கள் வருகிறார்கள். எந்த மேடைப் பேச்சாலும் இதைவிட உறுதியாக ஓர் ஊரை இணைக்க முடியாது. உதவிக்கும் விருந்துக்கும் விலையாக யாருடைய நம்பிக்கையையும் கேட்காத வரையில்தான் இந்த உறவு நிலைக்கும்.

ஆனால் பந்தியைப் பற்றிப் பேசினால் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில், இரண்டு தனித்தனிக் கைகளாகப் பிரிந்து பீடத்தருகே மட்டும் சேரும் விதமாக 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு கையில், மற்றவர்கள் மறு கையில் இருந்து வழிபடுவதற்கு. காற்சட்டை வடிவம் என்று ஊரார் சொல்லும் அந்தக் கோயிலில் இரு தரப்பையும் பிரித்த தடுப்பை 1910இல் அகற்றியபோது வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. அதே வடக்கன்குளத்தில்தான் 1745 மே மாதம் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர் என்று நினைவுகூரப்படும் அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார். பொதுநிலையினரான இந்தியர் ஒருவர் அந்த நிலைக்கு உயர்ந்தது அதுவே முதல் முறை.

தடுப்பு இடிந்து நூறாண்டுக்கு மேலாகியும், தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் தெருவுக்குள் சப்பரம் போகாத பங்குகள் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் வரிசை பிரிந்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. வரி வாங்காமல் ஒதுக்கிவைத்து, ‘அவர்கள் நம் அசனத்தில் சேர்த்தி இல்லை’ என்று சொல்வது மதிலைவிட உறுதியான மதில். இதைக் கண்டும் காணாததுபோல் மோர்ப் பந்தலும் முகாமும் நடத்தினால், வெளியே நீளும் கை உள்ளே மடங்கியிருக்கிறது என்றே பொருள். எல்லாத் தெருவிலும் வரி வாங்குங்கள். எல்லாத் தெருப் பெண்களும் அண்டா அருகே நிற்கட்டும். தலித் குடும்பத்து இளைஞன் முதல் பந்திக்குச் சோறு பரிமாறட்டும். சப்பரம் எல்லாத் தெருவிலும் நின்று போகட்டும். கோடை முழுதும் நடக்கும் பணிகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

தேர்வு முடிவுக்குப் பிறகு

மே மாதத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வருகின்றன. நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் பரிசு கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம். தேறாதவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். துணைத்தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும் அந்த நேரத்தில், ஊருக்கு விடுமுறையில் வந்திருக்கும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுத்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டு மிஞ்சும்.

கல்லூரியில் சேர வழி தெரியாதவர்கள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகப் போகும் பிள்ளைகள்தாம். விண்ணப்பம், கலந்தாய்வு, உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் எல்லாம் அவர்களுக்குக் காடு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாகத் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியலினத் தகுதி கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்த அந்த உரிமை கிறிஸ்தவருக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டியிடுகிறார்கள். அதனால் வீட்டில் இருக்கும் வறுமை ஒன்றாகவும் கையில் இருக்கும் சான்றிதழ் வேறாகவும் ஆகிறது. மறைமாவட்டமும் திருமண்டலமும் நடத்தும் பெரிய கல்லூரிகளில் இந்தப் பிள்ளைகளுக்கு இடமும் கட்டணச் சலுகையும் கிடைக்கிறதா என்று கேட்கும் கடமை ஒவ்வொரு பங்குக்கும் உண்டு.

ஜூன் திறந்த பிறகு

ஜூன் முதல் வாரத்தில் ரயில்கள் மறுபடி நிரம்புகின்றன. வீடுகள் பூட்டப்படுகின்றன. கோயில்களில் ஞாயிறு கூட்டம் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு மாதம் இத்தனை கைகளைக் கூட்டிய ஊர், மீதிப் பத்து மாதம் வாளா இருக்க வேண்டியதில்லை.

வி.பி.எஸ். ஆசிரியைகளில் நான்கு பேர் போதும், மாலை நேரப் படிப்பு மையம் ஆண்டு முழுதும் நடக்க. வெளியூர் போகிறவர்கள் அசன வரியோடு அதற்கும் ஒரு தொகை ஏற்றுக்கொள்ளலாம். நிலத்தடி நீர் உப்பாகிவரும் உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளத்தைத் தூர்வாரவும், கோயில் கூரையில் விழும் மழையைக் கிணற்றுக்குத் திருப்பவும் கோடையே காலம். முன்பு வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடி அரிசி ஊழியரையும் தாங்கியது, ஏழையையும் தாங்கியது. இன்று அரிசிக்குப் பதில் மாதம் ஒரு தொகை, ஒரு சனிக்கிழமையின் இரண்டு மணி நேரம், ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம். கொடுக்கும் முறை மாறலாம். நாள்தோறும் எடுத்துவைக்கும் ஒழுக்கம் மாறக் கூடாது.

இந்த ஆண்டுக் கணக்கை முடிக்கக் கூடும் பங்குப் பேரவைகளும் சேகரக் கமிட்டிகளும் வரவு செலவோடு இன்னும் மூன்று கேள்விகளை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கட்டும். நம் வி.பி.எஸ்.ஸுக்கு வராத பிள்ளைகள் யார்? நம் முகாம் போகாத வேலைத்தலம் எது? நம் பந்தியில் உட்காராத தெரு எது? மூன்றுக்கும் உண்மையான பதிலை எழுதி, ஞாயிறு அறிவிப்பில் வாசித்து, அடுத்த கோடைக்குள் ஒவ்வொன்றிலும் ஓர் அடி முன்னே வைக்கும் பங்கைத்தான் ஊர் தன் பங்கு என்று சொல்லும். அங்கே உறுப்பினரல்லாதவரும் அப்படிச் சொல்வார்.